இல்லாத பார்ட்டி

போனை வைத்துவிட்டு, "நாளைக்கே திரும்பக் கூப்பிடுவாங்க, பாரேன்" என்று பூட்டம்மா தன் தம்பியிடம் பெருமை பேசியதோடு போன வாரம் நாம் எழுந்துபோனோம். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. இந்த வாரத்துத் தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பூட்டம்மா என்பது கடைத்தெரு வைத்த பெயர். பூட்டு, கீல், தாழ்ப்பாள், கதவுக் கைப்பிடி வியாபாரம். கணவர் சரக்கெடுக்க வெளியூர் போய் வருகிறவர். ஊரில் இருந்தாலும் அவர் வாயைத் திறக்க ஒரு சாவி தேவைப்படும். ஆகவே கடையில் பேச்சு முழுக்க பூட்டம்மாவுடையது.

ஒரே மகள், கல்லூரியில் கடைசி வருஷம். தொழில்நுட்பக் கொள்கை ஆய்வு மையம் ஒன்றில் மூன்று மாதப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறாள். மனிதர்களுக்குப் பதிலாகக் கணினியும் ஆப்பும் முடிவெடுக்கும் இடங்களில் அரசாங்கம் என்ன விதி போட வேண்டும் என்று யோசித்துச் சொல்கிற இடம். கௌரவத்துக்குக் குறைவில்லை, சம்பளம்தான் கிடையாது. கைக்காசு போட்டு வெளியூரில் தங்க முடியாத மாணவர்களுக்கு ஓர் அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. அந்த அறக்கட்டளை அம்மாதான் போன வாரம் கடைக்கு போன் போட்டு, "இவ்வளவு தர்றோம், வீட்ல சம்மதமா?" என்று கேட்டது.

யாராவது ஒரு தொகையைச் சொன்னால் அதற்குப் பூட்டம்மாவிடம் ஒரே பதில்தான் உண்டு: வேறு பார்ட்டி அதைவிட அதிகம் தருகிறான். அன்றைக்கும் அதையே சொன்னாள். பார்ட்டி பெரிதாக இருந்தால்தானே மதிப்பு? கடைகளுக்கெல்லாம் மொத்தச் சரக்கு அனுப்பும் அந்த ஆர்டர் ஆப் கம்பெனி வாயில் வந்தது. "அவங்களே இதைவிட அதிகமா தர்றோம்னு வாசல்ல நிக்கறாங்கம்மா" என்றாள். மறுமுனை, "அப்படியா, சொன்னதுக்கு நன்றி" என்று வைத்துவிட்டது.

வாசலில் அப்படி யாரும் நிற்கவில்லை என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று காலை கடை திறந்த கையோடு ஒரு மரவேலைக்காரர் வந்து கீல் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். கையில் போன். முகம் வெளுத்திருந்தது.

"மாமா எங்க?"

"கிடங்குல. ஏன்?"

"அந்த ஆளோட வாயத் தைக்கணும். டிரஸ்ட்ல இருந்து மெயில் வந்திருக்கு. எனக்கு அந்த ஆப் கம்பெனி பணம் குடுக்குதாம். அவங்களுக்குத் தெரியவந்திருக்காம். அதனால என் இடத்த நிறுத்தி வச்சிருக்காங்க."

பூட்டம்மாவின் கை கீல் பெட்டிக்குள்ளேயே நின்றது.

"இந்தக் கீல் ஒரு பக்கம் இழுக்குதே" என்றார் மரவேலைக்காரர்.

"எண்ணெய் விட்டா சரியாயிடும். நிறுத்தி வச்சா என்ன பாப்பா, இன்னொருத்தன் அதிகம் தர்றான்னா நல்லதுதானே, இவங்க கொஞ்சம் ஏத்திக் குடுத்தா..."

"அம்மா, நான் அங்க போய் எதைப் பத்தி எழுதப் போறேன்? அந்த ஆப் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு விலை காட்டுதே, அதைப் பத்தி. அந்தக் கம்பெனிகிட்டயே காசு வாங்கிட்டு அந்தக் கம்பெனியையே ஆராய்ச்சி பண்ணினா யாரு நம்புவா? பணத்த விடு, என்னையே மையத்துல சேத்துக்க மாட்டாங்க. நாளைக்குக் காலையில கமிட்டி. விளக்கம் சொல்றதா இருந்தா இன்னிக்கே நேர்ல வரணுமாம். இந்த மாமா யார்கிட்ட என்ன உளறினாருன்னு தெரியல."

"பூச்சும் சரியில்ல. போன தடவை வாங்கினது இதைவிடப் பளபளப்பா இருந்துச்சு" என்றார் மரவேலைக்காரர்.

பூட்டம்மாவுக்குப் பாதி காது அவர் பக்கம். பொருளைப் புகழ்கிறவர் வாங்காமல் போய்விடுவார். குறை சொல்ல ஆரம்பித்தால் மனதுக்குள் வாங்கியாகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அவர் தன்னோடு தானே பேசிக்கொள்வது. அவள் பேசாமல் கீல்களைக் காகிதத்தில் சுற்றினாள். அவரும் பேசாமல் பணத்தை எடுத்து வைத்தார்.

கிடங்கிலிருந்து தம்பி வந்தான். கடைத்தெருவில் அவனை டிஸ்கவுண்ட் என்பார்கள். தன் சரக்காக இருந்தாலும் பிறத்தியார் சரக்காக இருந்தாலும் குறைத்துக் கொடுக்கச் சொல்கிறவன்.

"வாங்க மாமா. யார்கிட்ட சொன்னீங்க?"

"எதை?"

"நடிக்காதீங்க. ஆப் கம்பெனி எனக்குப் பணம் குடுக்குதுன்னு."

டிஸ்கவுண்ட் அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள். பழியை அவன் தலையில் இறக்கிவிட்டு நகர்ந்துவிடலாம். அவன் தலையும் அதற்குப் பழகிய தலைதான். மரவேலைக்காரர் படியிறங்கும்வரை அந்த யோசனை அவளுக்கு இருந்தது என்பதை மறைப்பானேன்.

"அவன் இல்ல பாப்பா. நான்தான்" என்றாள்.

மகள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். மகள் திட்டவில்லை. மடித்து வைத்திருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அந்தத் தொகை பத்தாதுன்னு நீதானே சொன்னே. ரூம் வாடகை போனா மிச்சமே இல்லன்னு."

"பத்தாதுதான். சமாளிச்சுக்கறேன்னும் சொன்னேன். அது உன் காதுல விழல."

"அக்கா, இதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடறீங்க?" டிஸ்கவுண்ட் நடுவில் புகுந்தான். "இல்லாத பார்ட்டியைச் சொன்னாத்தான் பொய். பார்ட்டியக் கொண்டுவந்து நிறுத்திட்டா பொய் எங்க இருக்கு? அந்தக் கம்பெனியோட ஆப் தம்பி இன்னிக்கு ஆர்டர் எடுக்க வருவான். நான் ஒரு வார்த்தை போட்டு..."

"நீ வாயத் திறக்கக் கூடாது. கடையப் பாத்துக்கோ."

"கடையப் பாத்துக்கிட்டே பேசலாமேன்னு..."

"டேய்."

அவன் வாயை மூடினான். மூடிய வாயை நம்பி அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். பூட்டு விற்கிறவள் பூட்டைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

நீண்ட தூரப் பஸ்ஸில் ஜன்னலோரம் மகள், பக்கத்தில் அம்மா. சும்மா உட்காரத் தெரியாத பூட்டம்மா கைப்பை ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதே" என்றாள். "நானும்தான் ஆளப் பாத்து விலை சொல்றேன். செருப்பப் பாத்தே சொல்லுவேன். நான் பண்ணினா சாமர்த்தியம்னு சின்ன வயசுல சிரிச்சே. அந்த மெஷின் பண்ணினா மட்டும் ஆராய்ச்சியா?"

மகள் திரும்பினாள். கோபத்தில் இருந்தாலும் கேள்வி என்றால் அவளுக்கு விட முடியாது.

"நீ ஒரு விலை சொன்னா வந்தவர் என்ன பண்ணுவார்?"

"பாதி கேப்பார்."

"அந்த ஆப்கிட்ட பாதி கேட்டுப் பாரேன். பக்கத்துக் கடைக்கு என்ன விலை காட்டிச்சுன்னாவது உனக்குத் தெரியுமா? போன மாசம் நீ சரக்கு தீர்ந்துபோய் அவசரமா ஆர்டர் போட்டே. உனக்கு அவசரம்னு அதுக்குத் தெரிஞ்சுது. விலைய ஏத்திடுச்சு. உன் செருப்ப இல்லம்மா, உன் அலமாரியவே அது பாக்குது. நீ அது மூஞ்சிய ஒரு தடவை பாத்திருக்கியா?"

பூட்டம்மா ஜிப்பை மூடினாள். முகம் தெரியாத ஆளோடு வியாபாரம் செய்கிறோம் என்பது அவளுக்கு இதுவரை உறைத்ததில்லை. அதைவிட அதிகம் உறைத்தது இன்னொன்று. இந்த நியாயத்தை இந்தப் பெண் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டிய இடத்துக்குக் குறுக்கே தாழ்ப்பாள் போட்டது தன் வாய்.

அங்கே போய் என்ன சொல்வது என்பதை அவள் இதற்குள் தயார் செய்துவிட்டாள். பார்ட்டி பின்வாங்கிவிட்டான். அவ்வளவுதான். பொய் சொன்னேன் என்று யாரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டாம். கடைத்தெருவில் பார்ட்டிகள் தினமும் பின்வாங்குகிறார்கள். மானமும் நிற்கும், இடமும் நிற்கும்.

அறக்கட்டளை அலுவலகம் ஒரு பல் வைத்தியரின் மாடியில் இருந்தது. லிஃப்ட் ஏறும்போது மருந்து வாடை கூடவே ஏறியது. உள்ளே இரண்டு மேஜை, தண்ணீர் கேன், பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் பழைய மாணவர்களின் புகைப்படங்கள். போன் குரலை வைத்து ஒரு பெரிய ஆளை மனதில் கட்டி வைத்திருந்த பூட்டம்மாவுக்கு, கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தானே ஸ்டேப்ளரில் முள் போட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்ததும் தைரியம் வந்தது. தன் வயதுதான் இருக்கும்.

"உட்காருங்க. நீங்கதானே போன்ல பேசினீங்க?"

"நான்தாங்க. அந்த விஷயமாத்தான் வந்தோம். அந்த ஆப் கம்பெனி பார்ட்டி... பின்வாங்கிட்டாங்க."

மகள் சட்டென்று அம்மாவைப் பார்த்தாள்.

"அப்படியா" என்றார் அலுவலக அம்மா. "நல்லதாப் போச்சு. அவங்ககிட்ட இருந்து ஒரு வரி வாங்கிட்டு வந்துடுங்க. குடுக்கறோம்னு சொன்னோம், இப்ப குடுக்கலன்னு. கமிட்டிக்குக் காட்டணும்."

இல்லாத பார்ட்டியிடம் இல்லாத வாக்கைத் திரும்ப வாங்க எந்தத் தெருவுக்குப் போவது?

"அவங்க எழுதித் தர்ற ஆளுங்க இல்லம்மா."

"போன் நம்பர் குடுங்க. நானே பேசிக்கறேன்."

"நம்பர் வந்து..." ஜிப் மறுபடி திறந்தது. உள்ளே எடுப்பதற்கு ஒன்றுமில்லை. பக்கத்து நாற்காலியில் மகள் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை.

ஜிப்பை மூடினாள்.

"அப்படி ஒரு பார்ட்டியே இல்லம்மா. நானாச் சொன்னேன்."

"எதுக்கு?"

"நீங்க ஒரு விலை சொன்னீங்க. நான் பதில் சொன்னேன்."

"அது விலை இல்லையே."

"தெரியும். இப்பத் தெரியும். எனக்குக் கேக்கத் தெரிஞ்சது அந்த ஒரு விதம்தான். என் பொண்ணுக்கு இதுல சம்பந்தமே இல்ல. அவ மெயில் வந்தப்பதான் தெரிஞ்சுக்கிட்டா. வேணும்னா என் பேர்ல எழுதி வச்சுக்கோங்க, இந்தப் பொம்பளை பொய் சொன்னான்னு. இவ பேர்ல வேணாம்."

அலுவலக அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று எந்த முகத்தையும் படிக்கிற பூட்டம்மாவுக்கே பிடிபடவில்லை.

"உங்க மேல கோவமில்ல. ஆனா எங்க நிலைமையப் புரிஞ்சுக்கோங்க" என்றார். "இந்த மாதிரி மையங்களுக்கு மாணவர்களை அனுப்பப் பணம் வச்சுக்கிட்டு நிறைய கம்பெனிங்க காத்துக்கிட்டு இருக்கு. அந்தப் பணத்த எடுத்தா எங்களுக்கு வேலை சுலபம். ஆனா யாரோட பணத்துல ஒரு பொண்ணு அங்க போய் உட்கார்றாளோ, பேனா எடுக்கும்போது அவங்க ஞாபகம் வரத்தான் செய்யும். வசதியான வீட்டுப் பிள்ளைங்க மட்டும் போனாலும் கஷ்டம், கம்பெனி அனுப்பின பிள்ளைங்க மட்டும் போனாலும் கஷ்டம். நடுவுல கொஞ்சம் பேரையாவது அனுப்பணும்னுதான் நாங்க அங்க இங்க கேட்டு இந்தச் சின்னத் தொகையைச் சேக்கறோம். சின்னதுதான். ஒத்துக்கறேன்."

பூட்டம்மாவுக்கு முதல்முறையாக அந்தத் தொகையைப் பற்றி வெட்கமாக இருந்தது. குறைவு என்பதற்காக அல்ல. குறைவு என்று தான் சொன்னதற்காக.

"சரி. காலையில கமிட்டி ஒரே ஒரு கேள்விதான் கேக்கும். அந்தக் கம்பெனிகிட்ட இருந்து உங்களுக்கு எந்த உதவியும் பேச்சும் வரலையே?"

"வரல" என்றாள் மகள்.

"வரவே இல்லம்மா" என்றாள் பூட்டம்மா. பொய் கலக்காத வாக்கியம் வாயில் புதுப் பல் மாதிரி இருந்தது.

"போதும். அதை நான் அப்படியே சொல்லிடறேன். பேப்பர் எதுவும் வேணாம், உங்க வார்த்தையத்தான் எடுத்துட்டுப் போறேன். காலைக்குள்ள எதாவது மாறினா என் சொந்த நம்பருக்குக் கூப்பிடுங்க."

நம்பரைச் சொன்னார். பூட்டம்மா தன் போனில் போட்டுக்கொண்டாள். கதவுவரை போனவள் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு. அந்தத் தொகையில ஊருக்குப் போற பஸ் செலவு சேந்திருக்கா, இல்ல அது தனியா..."

"அம்மா" என்று மகள் முழங்கையைப் பிடித்து லிஃப்டுக்குள் இழுத்தாள். கதவு மூடியதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பல் வைத்தியர் மாடி இறங்கும்வரை நிற்கவில்லை.

"நீ திருந்தவே மாட்டே."

"பாதி திருந்திட்டேன். மீதிக்கு டைம் குடு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். நாளைக் காலை கமிட்டி என்ன சொல்லுமோ என்ற குடைச்சல் இருந்தது. இருந்தாலும் காலையில் இருந்த குடைச்சலோடு ஒப்பிட்டால் இது தேவலை. வீதி விளக்குகள் எரியத் தொடங்கியபோது கடைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கடையில் ஆப் தம்பி உட்கார்ந்திருந்தான்.

கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்கிற கம்பெனி ஆள். எப்போதும் நின்றபடியே பேசி, நின்றபடியே கிளம்புகிறவன். இன்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் டீ. கல்லாவுக்குப் பின்னால் டிஸ்கவுண்ட், பெண் பார்த்து முடித்துவிட்டு வந்தவன் மாதிரி பூரித்துப்போய் நின்றிருந்தான்.

பூட்டம்மாவுக்கு உள்ளே ஒரு கீல் கிறீச்சிட்டது.

"என்னடா பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. தம்பி ஆர்டர் கேட்டான். நான் பொதுவா, எங்க பொண்ணு இப்படி ஒரு இடத்துக்குப் போறான்னு..."

"அம்மா, ரொம்பப் பெருமையான விஷயம்" என்று ஆப் தம்பி எழுந்தான். நல்ல பையன்தான், அதுதான் இதில் கஷ்டம். "எங்க மேனேஜர்கிட்ட போன்ல சொன்னேன். அவர் மேல பேசிட்டு உடனே திரும்பக் கூப்பிட்டார். நம்ம கூட வியாபாரம் பண்ற குடும்பத்துப் பொண்ணு, நாமதானே செய்யணும்னார். அந்த டிரஸ்ட் எவ்வளவு தருதோ அதுக்கு டபுள்."

போன வாரம் பூட்டம்மா எந்தத் தொகையை இட்டுக்கட்டினாளோ, அதற்கும் மேலே இருந்தது இது. இல்லாத பார்ட்டி வாசலைத் தாண்டி உள்ளே வந்து, ஸ்டூல் போட்டு, டீயும் குடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முன்பு பல் வைத்தியர் மாடியில் அம்மாவும் மகளும் சொன்ன ஒரே உண்மை, அவர்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே பொய்யாகிப் போயிருந்தது.

"கண்டிஷன்?" என்றாள்.

"கண்டிஷன்னு ஒண்ணும் இல்லம்மா. எழுதறத வெளிய குடுக்கறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு தடவை காட்டினாப் போதும். சும்மா படிச்சுப் பாக்கறதுக்கு."

பூட்டம்மா மகளைப் பார்த்தாள். இப்போது வெடிக்கப் போகிறாள். காலையில் மாமாவின் வாயைத் தைக்கக் கிளம்பியவள், ஆப் தம்பியை டீ டம்ளரோடு தெருவில் இறக்கப் போகிறாள். அந்த வெடிக்காகத் தாய் மனம் ஆசையோடு காத்திருந்தது. கையில் அலுவலக அம்மாவின் நம்பர் தயாராக இருந்தது. மகள் முடியாது என்று சொன்ன உடனே கூப்பிட்டு, இப்படி ஒரு பேச்சு வந்தது, வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம் என்று நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம்.

மகள் வெடிக்கவில்லை. அலமாரியில் இருந்த ஒரு தாழ்ப்பாளை எடுத்துக் கையில் வைத்து உருட்டினாள்.

"டபுள்னா, தங்கற இடமும் அதுலயேவா?" என்றாள்.

"அதுலயேதான். ஆனா கேட்டா தனியா..."

"மூணு மாசத்துக்கும் சேத்துக் கடைசியில குடுப்பீங்களா? அப்படின்னா கஷ்டம். முதல் மாசம் நான் என்ன பண்றது?"

"பேசிடலாம்."

"உங்க கம்பெனிப் படம் போட்ட சட்டையெல்லாம் என்னால போட முடியாது."

"சட்டையே வேணாம்."

"அப்புறம் அந்தக் காட்டறது. முழுசாவா? சுருக்கம் மட்டும்னா... எனக்கு இது எதுவும் சரியாப் படல. பாதி வேலை மாதிரி இருக்கு."

"பாத்தீங்களா, பாப்பாவுக்குப் பிடிக்கல" என்று டிஸ்கவுண்ட் அக்காவின் காதில் வருத்தமாகச் சொன்னான். "குறையா அடுக்கறா."

காலையில் இதே இடத்தில் நின்று, கீல் ஒரு பக்கம் இழுக்கிறது, பூச்சு சரியில்லை என்று சொன்ன மரவேலைக்காரர் எத்தனை கீல் வாங்கிக்கொண்டு போனார் என்பது பூட்டம்மாவுக்குத் தெரியும்.

போனை எடுத்து அலுவலக அம்மாவின் நம்பரைத் திறந்தாள். மகளின் கண் தாழ்ப்பாளை விட்டு நகர்ந்து அந்தப் போனின் மேல் வந்து நின்றது.

"யாருக்கும்மா?" என்றாள் மகள்.